டிராக்டர் பழகிய காலும் கார் பெடலும்

வாசகர் கேள்வி: பண்ணைக் கருவிகளும் வாகனங்களும்

கேள்வி: "இருபத்திரண்டு வருடமாக டிராக்டர் ஓட்டுகிறேன். சொந்த உழவும் உண்டு, வாடகை உழவும் உண்டு. போன ஆவணியில் பழைய கார் ஒன்று வாங்கினோம். கியர் போட்டு ஓட்டும் சின்னக் கார். காருக்கும் சேர்த்தே லைசென்ஸ் வைத்திருக்கிறேன். ஆனால் அரை மணி நேரம் ஓட்டினாலே இடது இடுப்பும் முழங்காலும் கடுக்கிறது. வலது கணுக்கால் விறைத்துப் போகிறது. கியர் மாற்றும்போது சில சமயம் கரகரவென்று சத்தம் வருகிறது. சென்ற மாதம் சந்தை நாளில், கூட்டத்துக்குள் மெதுவாகப் போகும்போது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டேன். வண்டி பாய்ந்து ஓரத்தில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளில் மோதி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அன்றிலிருந்து வீட்டில் காரில் ஏறவே மாட்டேன் என்கிறார்கள். டிராக்டரில் ஒரு நாளும் எனக்கு இப்படி ஆனதில்லை. காரை விற்றுவிடலாமா?"

எழுதியவர் திருவண்ணாமலை மாவட்டத்து வாசகர். வயது 49, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். காரை விற்ற முன்னவர் நல்ல உயரம் என்றும், சீட்டு முன்னால் நகரவில்லை, ஏதோ சிக்கியிருக்கிறது என்றும் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

பதில்: விற்க வேண்டியதில்லை. முதலில் அந்தச் சீட்டை நகர வைக்க வேண்டும். இடுப்புக் கடுப்பு, கணுக்கால் விறைப்பு, கியர் சத்தம், பெடல் மாறியது என்று அவர் தனித்தனியாக எழுதியிருக்கும் நான்கும் பெரும்பாலும் அந்த நகராத சீட்டில் இருந்துதான் கிளைக்கின்றன. மீதி, டிராக்டரில் பழகிய காலின் பழக்கம்.

மண்வெட்டிக்குக் காம்பு போடும்போது நம் ஆட்கள் எவ்வளவு பார்ப்பார்கள்! இலை கொஞ்சம் உள்வாங்கினால் குனிய வேண்டியிருக்கிறது, வெளிவாங்கினால் மண் வாங்கவில்லை என்று கொல்லரிடம் இரண்டு முறை திருப்பிக் கொண்டுபோவார்கள். மரக் கலப்பை இருந்த காலத்தில் உழுகிறவரின் உயரம் பார்த்துத்தான் ஆசாரி மேழி வைப்பார். அதே ஆட்கள் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரில், முன்னவர் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்து வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பழைய கார் வாங்கும்போது பெயின்டைத் தட்டிப் பார்ப்பவர்கள், ஏசியைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பவர் அபூர்வம்.

அங்கே இருப்பது இரண்டு தண்டவாளங்கள். முன்பக்கம் ஒரு கம்பி இருக்கும். அதைத் தூக்கினால் சீட்டு முன்னும் பின்னும் நகரும். கிராமத்துக் கார் மூட்டையும் சுமக்கும் கார். நெல் உமி, கடலைத் தோல், செம்மண், உரச் சாக்கில் இருந்து சிந்திய உப்பு எல்லாம் அந்தத் தண்டவாளத்தில் சேர்ந்து துருப்பிடித்து இறுகிவிடும். காற்று அடிக்கும் பம்ப்பால் ஊதி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒட்டாத அழுக்கை டீசல் தொட்டுத் துடைத்தெடுத்து, கடைசியில் கொஞ்சமாக கிரீஸ் தடவினால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். நகராவிட்டால் மெக்கானிக் நான்கு போல்ட்டைக் கழற்றிச் சீட்டையே வெளியே எடுத்துச் சரிசெய்துவிடுவார். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள புதிய கார்களில் சீட்டுக்கு அடியில் மின்வயர்கள் போகும். அவற்றில் சொந்தமாகக் கை வைக்கக் கூடாது.

நகர்த்திய பிறகு ஒன்றை மறக்கவே கூடாது. கம்பியை விட்டதும் இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டிக்கொண்டதா என்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். சரியாகப் பூட்டாத சீட்டு, மேட்டில் கிளட்ச்சை அழுத்தும் நேரம் பார்த்துச் சரேலென்று பின்னால் ஓடும். அப்போது எந்தப் பெடலும் காலுக்கு எட்டாது.

இனி சீட்டை எங்கே நிறுத்துவது என்பது. பலர் ஸ்டீயரிங் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்து நிறுத்துகிறார்கள். கியர் காரில் இடது காலைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஏனென்றால் மூன்று பெடல்களில் அதிக தூரம் உள்ளே போவது கிளட்ச்தான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, பிட்டம் சீட்டின் பின்மூலை வரை போகும்படி உட்கார வேண்டும். இடது பாதத்தின் முன்பகுதியால், அதாவது விரல்களுக்குக் கீழே இருக்கும் சதைப் பகுதியால், கிளட்ச்சை அடி வரை அழுத்த வேண்டும். அடியைத் தொட்ட நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நேராக நீண்டுவிட்டால் சீட்டு தூரம். பிட்டம் நழுவி முன்னால் வந்தாலோ, இடது இடுப்பு மட்டும் கீழே இறங்கினாலோ, அதுவும் தூரம்தான். முழங்கால் ஸ்டீயரிங்கிலோ டேஷ்போர்டிலோ இடித்தால் சீட்டு கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

கால் சரியான பிறகே முதுகுச் சாய்வு. தோள் இரண்டும் சீட்டில் படிந்திருக்க, கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். தோள் சீட்டை விட்டு எழாமல் மணிக்கட்டு அங்கே உட்கார்ந்தால் சாய்வு சரி. அப்போது கை ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது முழங்கை தானாக மடங்கியிருக்கும். படுத்த மாதிரி சாய்ந்து ஓட்டுவது பார்க்க ஒய்யாரமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை கிளட்ச் மிதிக்கும்போதும் உடம்பு வழுக்கும்.

திருவண்ணாமலை வாசகருக்கு இடுப்பு ஏன் கடுக்கிறது என்பது இங்கேயே விளங்கும். டிராக்டரில் பெடலைக் கீழ்நோக்கி மிதிக்கிறோம். உடம்பின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். தேவைப்பட்டால் பாதி எழுந்து நின்றுகூட மிதிக்கலாம். கார் பெடல் அப்படி இல்லை. அது முன்னால் தள்ளும் பெடல். தள்ளுவதற்கு முதுகு எதிலாவது முட்டுக்கொடுத்தாக வேண்டும். சீட்டு தூரத்தில் இருந்தால் முதுகு சாய்மானத்தை விட்டு வந்துவிடும். பிறகு அந்த முட்டை இடுப்பும் முழங்காலும் கொடுக்கின்றன. சந்தைத் தெருவில் ஐம்பது முறை கிளட்ச் மிதித்தால் ஐம்பது முறையும் அதே இடுப்பு.

கியர் கரகரப்புக்கும் இதில் பங்கு உண்டு. டூயல் கிளட்ச் உள்ள டிராக்டரில் பெடலைப் பாதி அழுத்தினால் கியர் பக்கம் மட்டும் விடும். முழுக்க அழுத்தினால்தான் பி.டி.ஓ.வும் நிற்கும். ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், வண்டி மட்டும் நிற்கட்டும் என்றால் பாதியில் காலை நிறுத்துவார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படிப் பழகிய கால், காரிலும் பாதியில் நின்றுவிடுகிறது. சீட்டும் தூரம் என்றால் கேட்கவே வேண்டாம். காரில் கிளட்ச்சுக்குப் பாதி என்ற கணக்கு இல்லை. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் முழுக்க அழுத்த வேண்டும். அரைகுறையாக அழுத்தி மாற்றினால் பல்லும் பல்லும் உரசும், கியர்பெட்டி தேயும். முழுக்க அழுத்திய பிறகும் சத்தம் வந்தால் கேபிளையும் கிளட்ச் தட்டையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். தட்டு தேயத் தேயப் பெடல் கனக்கும், வண்டி நகரத் தொடங்கும் இடமும் மாறும். வாங்கும்போது இலகுவாக இருந்த பெடல் இப்போது கால் வலிக்க வைக்கிறது என்றால் குறை காலில் இருக்காது.

சந்தை நாளில் நடந்ததுதான் முக்கியமானது. அன்று வெங்காய மூட்டை இருந்த இடத்தில் ஆள் இருந்திருக்கலாம்.

வயலில் உழும்போது டிராக்டர்காரர் கை ஆக்ஸிலரேட்டரை ஒரு வேகத்தில் வைத்துவிடுகிறார். அதன் பிறகு வலது காலுக்கு இருக்கும் ஒரே வேலை பிரேக்தான். வரப்பு ஓரத்தில் திருப்பும்போது ஒரு பக்கப் பிரேக், நிறுத்தும்போது இரண்டும். மற்ற நேரம் கால் பலகையில் ஓய்வாக இருக்கும். அவசரம் என்றால் வலது காலைத் தூக்கி ஓங்கி மிதிப்பது, அது பிரேக்காகத்தான் இருக்கும். காரில் நிலைமை தலைகீழ். இடமிருந்து வலமாக கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். வலது கால் பயணம் முழுக்க இருப்பது வலது ஓரத்து ஆக்ஸிலரேட்டர் மேலே. அவசரத்தில் மூளை "மிதி" என்கிறது. பழகிய கால் இருந்த இடத்திலேயே மிதிக்கிறது. வண்டி நிற்பதற்குப் பதிலாகப் பாய்கிறது. பிரேக்கைத்தான் மிதிக்கிறோம் என்று நம்புகிறவர் வண்டி நிற்கவில்லையே என்று இன்னும் அழுத்துவார். இந்த வாசகருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மாற்று குதிகாலில் இருக்கிறது. வலது குதிகாலைப் பிரேக் பெடலுக்கு நேராகத் தரையில் ஊன்ற வேண்டும். அங்கிருந்து பாதத்தின் முன்பகுதியை மட்டும் வலப்பக்கம் சாய்த்தால் ஆக்ஸிலரேட்டர், நேராக நிமிர்த்தினால் பிரேக். கதவு கீலில் திரும்புவது போலப் பாதம் குதிகாலில் திரும்ப வேண்டும். பெரும்பாலான கார்களில் பிரேக் பெடல் ஆக்ஸிலரேட்டரை விடச் சற்று உயரமாக இருக்கும். அதனால் பாதத்தைக் கொஞ்சம் பின்வாங்கித் திருப்ப வேண்டும். மிகச் சிறிய பாதம் உள்ளவர்கள் குதிகாலைச் சற்றே தூக்கி நகர்த்த வேண்டி வரலாம். பழகினால் அதுவும் சரியாகிவிடும். ஆனால் குதிகால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு காலே முழுவதும் பெடலில் பாரமாக இருப்பது கூடாது. அவருடைய வலது கணுக்கால் விறைப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். சீட்டு தூரம் என்பதால் குதிகால் ஊன்ற முடியாமல் நுனிக்காலில் ஓட்டுகிறார்.

அறுவடை முடிந்த களத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக் போட்டுவிட்டு, கீழே பார்க்காமல் ஆக்ஸிலரேட்டரில் இருந்து பிரேக்குக்குக் காலை மாற்றிப் பழக வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது முறை, பத்து நாள். வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து திடீரென்று "நிறுத்துங்க" என்று சொன்னால் இன்னும் நல்லது. இன்ஜின் அணைந்திருக்கும்போது நாலைந்து முறை மிதித்ததும் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம். பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டர் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்கள் இந்தக் கல் பெடலை ஒரு முறை மிதித்துப் பார்த்தால் போதும், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவார்கள்.

அந்தச் சந்தை நாளில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. வலது கால் தவறியது சரி, இடது கால் என்ன செய்தது? கியர் காரில் கிளட்ச்சை அடி வரை அழுத்திவிட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். வலது கால் ஆக்ஸிலரேட்டரிலேயே இருந்தாலும் இன்ஜின்தான் அலறும், வண்டி இழுக்காது. கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் காரில் இந்த வசதி கிடையாது. இது நம் பழைய கார்களில் இருக்கும் பெரிய பாதுகாப்பு. ஆனால் கால் எட்டினால்தான் பாதுகாப்பு. எட்டாத தூரத்தில் சீட்டு இருந்து, பாதி அழுத்தியே பழகியிருந்தால், கூட்டத்துக்குள் வண்டி பாயும்போது கிளட்ச் முழுக்க விடாது. அதனால்தான் இடுப்புக் கடுப்போடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நிறுத்துங்க" என்ற குரல் கேட்டால் இரண்டு கால்களும் சேர்ந்து போக வேண்டும்: வலது பிரேக்குக்கு, இடது கிளட்ச்சின் அடிக்கு. வண்டி நின்ற பிறகே சாவியை அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கிளட்ச் வேலை முடிந்ததும் இடது காலை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். சில கார்களில் கிளட்ச்சுக்கு இடப்பக்கம் கால் வைக்க ஒரு சாய்மேடை இருக்கும். சின்னக் கார்கள் பலவற்றில் அது இல்லை. அங்கே பாதத்தைப் பெடலுக்கு முன்னால் தரையிலேயே வைத்துக்கொள்ளலாம். பெடல் மேலேயே காலைத் தொங்கவிட்டு ஓட்டினால் கெண்டைக்கால் வலிக்கும், கிளட்ச் தட்டும் கருகும். இரண்டுக்கும் செலவு உண்டு.

சீட்டைச் சரிசெய்த பிறகும் ஒரு பக்கமாகத் திருகி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது அவர்கள் தவறு இல்லை. சின்னக் கார்களில் வலது முன்சக்கரத்தின் வளைவு கால் வைக்கும் இடத்துக்குள் துருத்திக்கொண்டு வரும். அதற்கு இடம் விட்டுப் பெடல்களைச் சற்று இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவரின் நடு உடம்பு ஒரு கோட்டிலும் பெடல்கள் இன்னொரு கோட்டிலும் இருக்கும். இதை எந்த மெக்கானிக்கும் மாற்ற முடியாது. வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பழைய காரோ புதிய காரோ, தினமும் போடுகிற செருப்போடு போய் உட்கார்ந்து, அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சிறு வயதில் இருந்து வெறுங்காலில் வயலில் நடந்த பாதம் அகன்றிருக்கும். பெடல்கள் நெருக்கமாக உள்ள காரில் அப்படிப்பட்ட பாதம் ஒரே நேரத்தில் இரண்டு பெடலையும் தொட்டுவிடும். ஓரம் துருத்திய பெரிய ஷூவும் வயல் பூட்ஸும் இதே தொல்லை தரும்.

செருப்பு பற்றி நிறையச் சொல்லலாம். ரப்பர் ஹவாய் செருப்பு குதிகாலை விட்டுக் கழன்று, பெடலுக்கு அடியில் மடிந்து சிக்கும். பின்பக்கம் வார் உள்ள, அடி மெல்லிய செருப்பு நல்லது. சேற்றுக் காலோடு ஏறினால் பெடல் வழுக்கும். ஒரு பழந்துணி வண்டியில் இருக்கட்டும். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும், பெரிய விலை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி ஓட்டுகிறவர்கள் அது அவிழ்ந்து காலில் சுற்றாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பி.டி.ஓ. பக்கத்தில் வேட்டியோடு நிற்கக் கூடாது என்று தெரிந்தவர்கள்தான் காரில் இதைக் கவனிப்பதில்லை.

காலடி விரிப்பும் அப்படியே. கோணிச்சாக்கை மடித்துப் போடுவது, பழைய விரிப்பின் மேல் புதிய விரிப்பு போடுவது இரண்டும் ஆபத்து. முன்னால் நழுவி ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் கார்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு கொடுத்தது. காரணம் இதே விரிப்புதான்: நழுவிய விரிப்பில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொள்ளும் அபாயம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே வந்த தலைவலி. தண்ணீர் பாட்டிலையும் தேங்காயையும் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் உருட்டிவிடக் கூடாது. பிரேக் பெடலுக்குப் பின்னால் ஒரு பாட்டில் உருண்டு போய்விட்டால் பெடல் கீழே போகாது.

கேள்வி: "நான் நாலடி பத்து அங்குலம். மகன் வெளியூரில் இருப்பதால் பால் கேன் கொண்டுபோகவும் மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூல் காரில் நன்றாக ஓட்டினேன். வீட்டுக் காரில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரிகிறது. ஆனால் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடிக்கிற மாதிரி இருக்கிறது. பெடலில் மரக்கட்டை வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் பக்கத்து வெல்டிங் கடைக்காரர்." (ஈரோடு மாவட்ட வாசகி)

பதில்: மரக்கட்டை வேண்டாம். கட்டு தளர்ந்து ஒரு நாள் திரும்பிவிடும். அது பிரேக் மிதிக்கும் நாளாகத்தான் இருக்கும்.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். கால் சரியாக எட்டாத நேரத்தில் அவர் மிதித்திருப்பார். கற்றுக்கொள்பவருக்கு அது தெரியாமலே போகும். இந்த வாசகிக்கு இப்போதுதான் உண்மையான தூரம் தெரிகிறது.

தலையணை மென்மையானது. பிரேக் போடும்போது அமுங்கும், நழுவும். கெட்டியான, சற்றே முன்பக்கம் மெலிந்த மெத்தைத் துண்டை சீட்டின் அளவுக்கு வெட்டி, உறை போட்டுச் சீட்டோடு இறுக்கிக் கட்ட வேண்டும். ஸ்டீயரிங்குக்கு மேலாகச் சாலை நன்றாகத் தெரியும் அளவு உயரம் போதும். அதற்கு மேல் உயர்த்தினால் குதிகால் தரையை விட்டு எழுந்துவிடும், பிறகு இன்னும் முன்னால் நகர வேண்டி வரும். சீட்டில் உயரம் கூட்டும் நெம்புகோல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மெத்தைக்குப் போகலாம்.

ஏர்பேக் உள்ள காரில் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். சுமார் பத்து அங்குலம், ஒரு சாணை விடச் சற்று அதிகம். ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்துக்கு அந்த இடம் தேவை. கிளட்ச் அடி வரை எட்டும்படி சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் பெரும்பாலும் இந்த இடைவெளி கிடைத்துவிடும். ஸ்டீயரிங்கை மேலே கீழே சாய்க்க முடிந்தால், முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி இறக்க வேண்டும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது, இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். சேலை மடிப்பைக் காலுக்கு நடுவில் ஒதுக்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். இவ்வளவும் செய்து பார்த்தும் எட்டவில்லை என்றால் அந்தக் கார் இவருக்கு ஏற்றதில்லை. உயரம் கூட்டும் சீட்டும் சாயும் ஸ்டீயரிங்கும் உள்ள காரைப் பார்ப்பதுதான் வழி. மாமனாரை அழைத்துப்போகும் அவசரத்தில் எட்டாத பெடலோடு மல்லுக்கட்ட முடியாது.

கேள்வி: "வயது 58. சர்க்கரை பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. கார் ஓட்டும்போது செருப்பு காலில் இருந்து கழன்று விழுவதே தெரிவதில்லை. செருப்பை மாற்றினால் சரியாகுமா?" (மதுரை மாவட்ட வாசகர்)

பதில்: செருப்பை மாற்றினால் சரியாகாது. நல்ல வேளையாகக் கேட்டிருக்கிறார். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரையில் நரம்பு பாதித்து இப்படி மரத்துப்போவது உண்டு. எந்தப் பெடலில் கால் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கண் பார்த்துச் சொல்வதில்லை, உள்ளங்கால்தான் சொல்கிறது. அந்த உள்ளங்கால் பேசாவிட்டால் சீட்டை எங்கே வைத்தும் பயனில்லை. மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, "நான் வண்டி ஓட்டலாமா" என்று நேராகவே கேட்க வேண்டும். மாத்திரை வாங்கும்போது பாதத்தைக் காட்டுவதும் இந்தக் கேள்வியைக் கேட்பதும் பலருக்கு வழக்கமில்லை. பதில் வரும் வரை சாவி வேறு ஒருவர் கையில் இருக்கட்டும். டிராக்டருக்கும் இது பொருந்தும், இரு சக்கர வாகனத்துக்கும் பொருந்தும். வெறுங்காலோடு வயலில் இறங்குவதையும் இவர் நிறுத்த வேண்டும். முள் தைத்தாலும் தெரியாது.

கேள்வி: "காருக்குச் சொல்வது போல டிராக்டர் சீட்டுக்கும் அளவு உண்டா?" (தஞ்சை மாவட்ட வாசகர்)

பதில்: உண்டு. அங்கேயும் கிளட்ச் முழுக்க அழுத்தும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், பிட்டம் சீட்டை விட்டு எழக் கூடாது. பல டிராக்டர்களில் சீட்டுக்கு அடியில் ஓட்டுநரின் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கை இறுக்கும் திருகும் இருக்கிறது. ஐம்பது கிலோ ஆளும் தொண்ணூறு கிலோ ஆளும் அதே இறுக்கத்தில் ஓட்டினால் ஒருவருக்கு முதுகில் இடி, இன்னொருவருக்கு அடி தட்டும். அண்ணன் தம்பி மாறி மாறி ஓட்டும் வீடுகளில் ஆள் மாறும்போது திருகும் மாற வேண்டும்.

வயலை விட்டுச் சாலையில் ஏறும் முன் இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொக்கியை மாட்டியாக வேண்டும். மாட்டாமல் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்று வண்டி குடைசாயும். டிரெய்லரில் ஆட்களும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.